மகுடம் போனது, சிலுவை இருக்கிறது



"அவன் லேசுப்பட்ட ஆளா? சரியான எம்டன்!" என்று வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். சாமர்த்தியக்காரன், எளிதில் யார் கையிலும் அகப்படாதவன் என்று அதற்குப் பொருள். இந்தச் சொல் நம் முன்னோர் காலத்தில் ஒரு போர்க்கப்பலிலிருந்து தமிழுக்கு வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

எம்டன் ஒரு ஜெர்மன் கப்பல். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டில் அது இந்துமாக் கடலில் தன்னந்தனியாகச் சுற்றி, பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் கலக்கியது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வேறு கப்பல் போல வேடமிட்டுப் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நின்ற ஷெம்சுக் என்ற ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அன்று மாண்ட ருஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னத்தை இன்றும் பினாங்கு வெஸ்டர்ன் ரோட் கல்லறையில் காணலாம். நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை மடக்கி நொறுக்கியது. எம்டனின் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் அதில் மாண்டார்கள்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கப்பலில் டார்பிடோப் பிரிவு அதிகாரியாக ஓர் இளவரசர் இருந்தார். பெயர் பிரான்ஸ் ஜோசப். ஹோஹென்ஸோலர்ன் என்ற சிற்றரசர் குடும்பத்தைச் சேர்ந்தவர். வயது 23. போரில் உயிர் தப்பிப் பிடிபட்டு, மால்டா தீவில் கைதியாக இருந்தார். பிற்காலத்தில் எம்டனைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

'ஜெர்மனிக்கு ஒரே ஒரு கைசர்தானே? இந்த இளவரசர் எங்கிருந்து வந்தார்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடினால், இந்த மாதம் நான் சொல்ல வந்த பொருளுக்கு வந்து சேர்வோம். ஜெர்மனியின் பழைய சிற்றரசுகள் தங்கள் படைவீரர்களுக்கு வழங்கிய கௌரவச் சிலுவைகளும், அவற்றைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கும்தான் அது.

ஒரு நாட்டில் இருபத்தைந்து அரசுகள்

நம் மலேசியாவில் பல மாநிலங்களில் சுல்தான் இருப்பதும், அவரவர் பிறந்தநாளில் அவரவர் விருது வழங்குவதும் நமக்குப் புதிதல்ல. பி.ஜே.கே. வாங்கிய தலைமையாசிரியரை நாம் மாலை போட்டு வரவேற்றிருக்கிறோம். 1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மனியையும் ஏறக்குறைய அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பேரரசர், அவருக்குக் கீழே 25 அரசுகள். அவற்றில் பிரஷ்யா, பவேரியா, ஸாக்ஸனி, வூர்ட்டம்பர்க் என்ற நான்கும் பெரிய முடியரசுகள். அடுத்து 6 மாபெரும் கோமான் நாடுகள், 5 கோமான் நாடுகள், 7 சிற்றரசுகள். கடைசியாக, அரசனே இல்லாத ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்ற 3 வணிக நகரங்கள்.

சிற்றரசு என்றால் எவ்வளவு சிறியது தெரியுமா? ராய்ஸ் மூத்த கிளை என்ற நாட்டின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்! ஷாவும்புர்க்-லிப்பே என்ற நாடு 340 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரில் பாதிகூட இல்லை. 1910-இல் அதன் மக்கள்தொகை 50,000-க்கும் குறைவு. ஆனாலும் அதற்கு ஓர் அரசர், ஓர் அரண்மனை, ஒரு கொடி, ஒரு சிலுவை எல்லாம் இருந்தன.

ராய்ஸ் குடும்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் அனைவருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். அடையாளத்துக்கு எண் போடுவார்கள். மூத்த கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இளைய கிளையில் ஒவ்வொரு நூற்றாண்டிலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். 1914-இல் இளைய கிளையை ஆண்டவர் இருபத்தேழாம் ஹைன்ரிக். இப்படி ஒரு வகுப்பு இருந்தால் வருகைப் பதிவேடு எடுக்கும் ஆசிரியரின் பாடு என்னாகும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

எம்டனில் இருந்த இளவரசரின் முன்னோர்கள் தங்கள் சிற்றரசை 1850-ஆம் ஆண்டிலேயே பிரஷ்யாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் 1841-இல் தாங்கள் நிறுவிய குடும்பச் சிலுவையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நாடு போன பிறகும் விருது வழங்கும் உரிமை அந்தக் குடும்பத்திடம் இருந்தது. வெள்ளையும் கறுப்புமாக எனாமல் பூசிய அழகான சிலுவை அது. அதன் நடுவில் 'விசுவாசத்துக்கும் தகுதிக்கும்' என்ற பொருள்படும் ஜெர்மன் வாசகம் பொறித்திருக்கும்.

அதிகாரிக்குச் சிலுவை, சிப்பாய்க்குப் பதக்கம்

இனி முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். பழைய நாள் விருதுகளில் ஏணிப்படி போல வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு உயர்ந்த பிரபுவுக்கு. இரண்டாம், மூன்றாம் வகுப்பு அதிகாரிகளுக்கு. சாதாரணச் சிப்பாய் எவ்வளவு துணிவு காட்டினாலும் அவனுக்குச் சிலுவை கிடையாது. வட்டமான வெள்ளிப் பதக்கம் ஒன்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதக்கத்தின் வடிவத்தைப் பார்த்தே, அதை அணிந்தவன் பங்களாவில் பிறந்தவனா குடிசையில் பிறந்தவனா என்று சொல்லிவிடலாம்.

இந்த வழக்கத்தை உடைத்தது பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை. நெப்போலியனை எதிர்த்துப் போர் தொடங்கிய நேரத்தில், 1813 மார்ச் 10-ஆம் நாள், மூன்றாம் பிரெடரிக் வில்லியம் அரசர் அதை நிறுவினார். அந்த நாள் மறைந்துபோன அவருடைய மனைவி லூயீஸ் அரசியின் பிறந்தநாள். கஜானா காலியாக இருந்த காலம் அது. பெண்கள் தங்கள் பொன் நகைகளைக் கழற்றிப் போர்ச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக இரும்பு நகைகளை அணிந்தார்கள். ஆகவே அரசர் வழங்கிய விருதும் இரும்பிலேயே அமைந்தது. சுற்றிலும் மெல்லிய வெள்ளிச் சட்டம். நடுவில் கறுப்பு இரும்பு. தளபதிக்கும் அதே சிலுவை, கடைசிச் சிப்பாய்க்கும் அதே சிலுவை. அந்த நாளில் அது பெரிய புரட்சி!

அதே சிலுவையை 1870-இலும் 1914-இலும் புதுப்பித்தார்கள். முதல் உலகப் போர் முடிவதற்குள் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை ஏறக்குறைய 50 லட்சம் பேருக்குப் போய்விட்டது. இவ்வளவு பேரிடம் இருப்பதால், இன்று சேகரிப்பவர்களுக்கு இரும்புச் சிலுவை அரிய பொருளல்ல. அரியவை சிற்றரசுகளின் சிலுவைகளே.

1914-இன் புதிய சிலுவைகள்

போர் தொடங்கியதும் ஒவ்வொரு சிறிய அரசும், 'நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும்' என்று நினைத்தது. சிற்றரசுகளுக்குத் தனிப் படை கிடையாது. அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் பிரஷ்யப் படையில் சேர்ந்தே போரிட்டார்கள். ஆகையால் பிள்ளை மார்பில் பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை ஒன்று இருக்கும். பக்கத்தில் சொந்த ஊர் அரசரின் சிலுவையும் இருக்கும்.

ஓல்டன்பர்க் கோமான் 1914 செப்டம்பரில் தம் பெயரால் பிரெடரிக் அகஸ்ட் சிலுவையை நிறுவினார். அதுவும் கறுப்பு இரும்புதான். நடுவில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள், மேலே கிரீடம், கீழே 1914 என்ற ஆண்டு. அடுத்த மாதமே பிரன்ஸ்விக் கோமான் எர்ன்ஸ்ட் அகஸ்ட் ஒரு போர்த்தகுதிச் சிலுவையை நிறுவினார். இவர் கைசரின் ஒரே மகளை மணந்தவர். டிசம்பரில் லிப்பேயும் அன்ஹால்ட்டும் தங்கள் சிலுவைகளை வெளியிட்டன. ஷாவும்புர்க்-லிப்பேயின் சிலுவைக்கு 'உண்மைச் சேவைச் சிலுவை' என்று பெயர். அந்த நாட்டுச் சின்னம் என்ன தெரியுமா? காஞ்சொறி இலை! தொட்டால் அரிக்கும் செடியைச் சின்னமாக வைத்த அரச குடும்பம் அது.

மெக்லன்பர்க்-ஷ்வெரினின் சிலுவை இவற்றைவிட மூத்தது. 1848-இல் நிறுவியது. ஒவ்வொரு போருக்கும் சிலுவையின் கீழ்க் கையில் ஆண்டை மட்டும் மாற்றிப் பொறித்தார்கள். 1870 என்றிருந்தால் பிரான்சோடு நடந்த போர், 1914 என்றிருந்தால் உலகப் போர் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

தாய்மார்களே, பெண்களுக்கும் ஒரு சிலுவை இருந்தது. ஸாக்ஸ்-மைனிங்கன் நாட்டுக் கோமகள் ஷார்லட், போர்க்காலத் தொண்டு செய்த பெண்களுக்கென்றே தனியாக ஒரு கௌரவச் சிலுவையை ஏற்படுத்தினார். இவர் கைசரின் தங்கை. விக்டோரியா மகாராணியின் பேத்தி.

இந்த உறவுமுறையில் ஒரு சோகமும் உண்டு. ஸாக்ஸ்-கோபர்க் நாட்டை ஆண்ட கார்ல் எட்வர்ட் 1884-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அங்கே ஈட்டன் பள்ளியில் படித்தவர். அதே விக்டோரியாவின் பேரன். பதினாறு வயதில் ஜெர்மனியில் ஒரு நாட்டுக்குக் கோமான் ஆனார். போர் வந்தது. பிறந்த நாட்டுக்கு எதிரான பக்கத்தில் நின்றார். 1916-இல் தம் பெயரால் ஒரு போர்ச் சிலுவையை நிறுவினார். அது மிகச் சிலருக்கே கிடைத்தது. போர் முடிந்த பிறகு, 1919-இல், பிரிட்டன் அவருடைய ஆங்கிலப் பட்டங்களைப் பறித்துக்கொண்டது. அரச குடும்பமானாலும் போர் வந்தால் ஒன்றுக்குள் ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அரசனில்லா ஊரின் சிலுவை

ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகிய மூன்றும் வணிகர்களின் ஊர்கள். 'எங்களுக்கு மேலே பிரபுவும் இல்லை, கீழே அடிமையும் இல்லை' என்ற மனப்பான்மை கொண்டவர்கள் அவ்வூரார். வெளி அரசர்கள் தரும் விருதுகளை வாங்கிக்கொள்வதில்லை என்பது அவர்களுடைய பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஊர்களே 1915-இல் சேர்ந்து ஒரு சிலுவையை வெளியிட்டன. பெயர் ஹன்ஸா சிலுவை. வெள்ளியில் செய்து சிவப்பு எனாமல் பூசியது. வடிவம் மூன்றுக்கும் ஒன்றுதான். நடுவில் உள்ள சின்னம் மட்டும் வேறு. ஹாம்பர்க்குக்குக் கோட்டை, பிரேமனுக்குச் சாவி, லூபெக்குக்கு இருதலைக் கழுகு. மூன்றில் சிறிய ஊர் லூபெக். ஆகவே மூன்றிலும் குறைவாக வழங்கியது லூபெக் சிலுவைதான்.

அந்தப் பழைய வழக்கம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஹெல்மூட் ஷ்மிட் ஹாம்பர்க்காரர். நாட்டின் உயர்ந்த விருதான கூட்டரசுச் சிலுவையை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. விருது வாங்குவது ஒரு பெருமை என்றால், வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பெருமைதான்.

ஒரே மாதத்தில் எல்லாம் போனது

1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. நவம்பர் 9-ஆம் நாள் கைசர் முடிதுறந்ததாக அறிவித்தார்கள். அந்த மாதத்துக்குள்ளாகவே பெரிய அரசர், சிற்றரசர் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர்களில் ஒருவர் ஷ்வார்ட்ஸ்பர்க் நாடுகளின் குந்தர் விக்டர். நாள் நவம்பர் 25. 1919-இல் வந்த புதிய அரசியல் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, அரசு இனி எந்த விருதும் வழங்கலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னது.

மகுடங்கள் போயின. ஆனால் லட்சக்கணக்கான வீடுகளில், அலமாரி இழுப்பறையில், சிலுவைகள் மிஞ்சின. பல வீடுகளில் அதை வாங்கியவன் மிஞ்சவில்லை. அந்தப் போரில் மாண்ட ஜெர்மன் வீரர்கள் ஏறக்குறைய 20 லட்சம். பிறகு 1923-இல் பணவீக்கம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. கூலி வாங்கிய கையோடு ரொட்டிக்கடைக்கு ஓடினால்தான் பிழைப்பு என்ற நிலை. அப்படிப்பட்ட நாளில் வீட்டிலிருந்த வெள்ளிச் சாமானை விற்று அடுப்பெரித்த விதவையைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

சேகரிக்கும் விதம்

இதை ஏன் சேகரிக்கிறார்கள்? தபால்தலை சேர்ப்பதுபோல இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த அரசுகள் மறைந்துவிட்டதால் வகைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நாட்டின் வரலாறு உண்டு. அதைவிட முக்கியம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். இதில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, வாசகத்தைப் படியுங்கள். நான் மேலே சொன்ன ஹோஹென்ஸோலர்ன் சிற்றரசர் சிலுவையும், பிரஷ்ய அரசரின் ஹோஹென்ஸோலர்ன் சிலுவையும் பார்வைக்கு அக்காள் தங்கை போல இருக்கும். பிரஷ்யச் சிலுவையில் உள்ள வாசகம், 'மலை தொட்டுக் கடல் வரை' என்ற பொருளுடையது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த எழுத்துகளே. சிலுவையில் குறுக்காக இரண்டு வாள்கள் இருந்தால் அது போர்ச் சேவைக்குக் கொடுத்தது என்று பொருள்.

இரண்டாவது, ரிப்பனைப் பாருங்கள். இரும்புச் சிலுவையின் ரிப்பன் கறுப்பில் வெள்ளைக் கரை என்றால், பெற்றவர் களத்தில் போரிட்டவர். வெள்ளையில் கறுப்புக் கரை என்றால், களத்துக்குப் பின்னாலிருந்து உதவியவர். பழைய ரிப்பனில் இன்றைய செயற்கை நூல் இருக்காது. கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கில் காட்டினால், புதிய செயற்கை நூல் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும்.

மூன்றாவது, உலோகத்தைச் சோதியுங்கள். உண்மையான இரும்புச் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் இரும்பு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடித்த வெள்ளிச் சட்டங்கள் இரண்டு. காந்தம் இரும்பை இழுக்கும். ஓரத்தில் கூர்ந்து பார்த்தால் சட்டங்கள் சேர்ந்த தடம் தெரியும். ஒரே அச்சில் வார்த்த போலியில் அந்தத் தடம் இருக்காது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலி செய்பவனும் இரும்பு வாங்குவான். வெள்ளியில் செய்தவற்றில் 800, 900 போன்ற தர எண்கள் சிலவற்றில் பொறித்திருக்கும்.

நான்காவது, மட்டமான உலோகம் என்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். போர் நீள நீள ஜெர்மனியில் செம்புக்கும் வெண்கலத்துக்கும் பஞ்சம். கோயில் மணிகளையே உருக்கினார்கள். ஆகவே தொடக்கத்தில் வெண்கலத்தில் செய்த ஸாக்ஸ்-மைனிங்கன் சிலுவை பிற்பாடு துத்தநாகமாக மாறியது. சிலுவையின் உலோகமே போரின் நிலவரத்தைச் சொல்லும்.

ஐந்தாவது, 'அரிய கௌரவச் சிலுவை' என்று கைத்தொலைபேசியில் படம் காட்டி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 1934-இல் ஹிண்டன்பர்க் பெயரில் வெளிவந்த உலகப் போர்க் கௌரவச் சிலுவை ஒன்று உண்டு. களத்தில் நின்றவர்களுக்கு ஒரு வகை, மற்ற வீரர்களுக்கு ஒரு வகை, மாண்டவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் ஒரு வகை என்று 80 லட்சத்துக்கு மேல் வழங்கினார்கள். அது பழைய சிற்றரசுகளின் சிலுவையும் அல்ல, அரியதும் அல்ல.

ஆறாவது, கிடைத்ததைக் கெடுக்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், நூறாண்டு நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும், எனாமலும் உதிரும். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும். உலர்ந்த பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் போட்டு வைத்தால் போதும்.

ஏழாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஒரே மனிதனின் பதக்கங்களை வரிசையாகக் கோத்த பட்டை கிடைத்தால், அதைப் பிரிக்காதீர்கள். இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் லூபெக் சிலுவை இருந்தால், அந்த மனிதனுக்கு அந்த ஊரோடு தொடர்பு உண்டு என்று ஊகிக்கலாம். தனித்தனியாக விற்றால் காசு கூடுதலாகக் கிடைக்கும் என்று வியாபாரிகள் சிலர் பிரித்துவிடுகிறார்கள். அத்தோடு அந்த மனிதனின் கதை அறுந்து போகிறது. விருது வழங்கிய தாள், பெயரோடு, படைப்பிரிவோடு, நாளோடு கிடைத்தால் அது சிலுவையைவிட மதிப்புள்ளது. தாள் இல்லாத சிலுவை, பேர் தெரியாத பிணம் போல.

சிலுவை காப்பாற்றாத மனிதர்கள்

வாசகர்களே, இனி நான் சொல்லப்போவது சேகரிப்புப் புத்தகங்களில் ஓரமாக வரும் செய்தி. எனக்கு இதுதான் நடுவான செய்தி.

முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் போரிட்டார்கள். 12,000 பேர் மாண்டார்கள். மீண்டு வந்தவர்களில் மிகப் பலர் மார்பில் இரும்புச் சிலுவையோடு வந்தார்கள். 'இந்த நாட்டுக்காக இரத்தம் சிந்தினோம். இனி நம்மை அந்நியர் என்று யார் சொல்ல முடியும்?' என்று நம்பினார்கள்.

1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. அரசாங்க வேலையிலிருந்து யூதர்களை நீக்கும் சட்டம் வந்தது. களத்தில் நின்ற பழைய வீரர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கால் பள்ளியில் தொடர்ந்து பாடம் நடத்திய யூத ஆசிரியர்களும் உண்டு. 1934-இன் கௌரவச் சிலுவையைக்கூட யூத வீரர்கள் பெற்றார்கள். 1935-இல் அந்த விலக்கும் போனது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் அவர்களுடைய குடியுரிமையின் உரிமைகளையும் பறித்தது. பிறகு நடந்ததை உலகம் அறியும். முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்ற முதியவர்கள் பலரைத் தெரேசியன்ஷ்டாட் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். 'சலுகை' என்று அதற்குப் பெயர் வேறு! அங்கிருந்து பலர் திரும்பவே இல்லை.

ஒரு சிலுவை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதை அணிந்தவன் ஒரு நாள் அஞ்சாமல் நின்றான் என்று அது சொல்லும். அவன் நின்ற போர் நியாயமான போர் என்று சொல்லாது. அவனைப் பாராட்டிய அரசு அவனுக்கு நன்றியோடு இருக்கும் என்றும் சொல்லாது. மார்பில் குத்தியவனே நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அவன் நின்றது நின்றதுதான். அதை எந்தச் சட்டத்தாலும் அழிக்க முடியாது. அதற்குச் சாட்சி யாரிடமாவது பத்திரமாக இருக்க வேண்டும். அந்தச் சாட்சியைக் காப்பவனையே நான் உண்மையான சேகரிப்பாளன் என்பேன். மற்றவன் பழைய இரும்பு வியாபாரி.

சரி, நம் வீட்டுப் பெட்டியில்?

'இதெல்லாம் ஐரோப்பிய சமாசாரம், வாத்தியாரே. நமக்குச் சிலுவை வாங்க வசதி ஏது?' என்பீர்கள். வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. சேகரிக்கும் பழக்கத்தைச் சொல்லித்தான் எழுதினேன். அதற்குக் காசு வேண்டாம்.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. லயத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்குப் போகும்போது, 'இடமில்லை' என்று முதலில் தூக்கிப் போடுவது எதை? பாட்டியின் தகரப் பெட்டியை. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? அவசரகாலத்தில் தாத்தா காவற்படையில் இருந்ததற்கான பதக்கம் இருக்கலாம். ஐ.என்.ஏ. உடுப்பில் எடுத்த படம் இருக்கலாம். முப்பது வருடம் பால் வெட்டியதற்கு நிர்வாகம் கொடுத்த நற்சான்றுத் தாள் இருக்கலாம். நிறம் மங்கிய அடையாளக் கார்டு இருக்கலாம். பழைய சாமான்காரருக்கு அது கிலோ கணக்கு. உங்கள் பிள்ளைக்கு அது தன் குடும்பம் இந்த மண்ணில் யார் என்பதற்குச் சாட்சி.

ஆகவே இந்த மாதம் ஓர் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை உட்கார வைத்து அந்தப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு தாளில் மூன்று செய்திகளை எழுதச் சொல்லுங்கள்: யாருடையது, எந்த ஆண்டு, எதற்காகக் கிடைத்தது. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பேரன் எழுத்தாளனாகட்டும். தாளையும் பொருளையும் ஒரே உறையில் வையுங்கள், பிரிக்காதீர்கள்.

முடியரசர்கள் கொடுத்த இரும்புத் துண்டுக்கே, அரசர் போன பிறகும் இவ்வளவு மரியாதை இருக்கிறது. யாரும் பதக்கம் குத்தாத நம் பெரியவர்களின் உழைப்புக்கு ஒரு துண்டுத் தாளாவது நாம் எழுதி வைக்க வேண்டாமா?

எழுதி முடித்ததும், பெட்டியில் என்ன கிடைத்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.